கட்சிக்காரரின் கதை யாருடையது?
கொங்கு நாட்டு நிறுவன வழக்கறிஞர் ஒருவரின் நூலை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் வக்கீல், ஆடிட்டர், டாக்டர் என்று தொழில் பார்த்துக்கொண்டே தமிழில் எழுத வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இதை மனதார வரவேற்கிறேன். தொழிலின் உள்ளே இருப்பவர் எழுதினால் மட்டுமே கிடைக்கும் விவரங்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி வேறொருவர் நம்பிச் சொன்னது என்பதுதான் சிக்கல். கம்பெனிச் சட்டத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் தொழில் செய்த பெண் வழக்கறிஞர் ஒருவர், தம் நூலில் இந்தச் சிக்கலை எப்படி எதிர்கொண்டார், என்ன முடிவெடுத்தார், அதனால் எதை இழந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நானும் வழக்கறிஞர். சிறு பதிப்பகங்களுக்காகக் கைப்பிரதிகளைச் சட்ட நோக்கில் படித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. இந்தக் கைப்பிரதியும் அப்படித்தான் என்னிடம் வந்தது. நூலாசிரியரும் பதிப்பாளரும் இந்தப் பதிவுக்குச் சம்மதம் தந்திருக்கிறார்கள். நூலில் இடம்பெறாமல் போன குடும்பத்தைப் பொறுத்தவரை தொழில், ஆண்டு, உறவுமுறை, ஆவணம் ஆகிய அனைத்தையும் மாற்றிவிட்டேன். அதே சட்டக் கேள்விகள் எழும்படி வேறு விவரங்களை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றினால் ஏன் போதாது என்பது கீழே விளங்கும்.

பின்னணி: தொழிலும் எழுத்தும்

நூலாசிரியர் தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் பிறந்தவர். கிணற்றுத் தோட்டம் கொஞ்சம், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் கொஞ்சம், கட்டுத்தரையில் மாடுகள் என்று பண்ணையத்தை நம்பி வாழ்ந்த குடும்பம். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில். கோவை அரசு சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், சென்னையில் கம்பெனி வழக்குகள் நடத்திய ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். ஆங்கில மனுக்களைக் கையால் நகல் எடுத்து எடுத்தே அந்த மொழி தனக்குப் பிடிபட்டதாகச் சொல்வார். 1990-களின் இறுதியில் கோவைக்குத் திரும்பினார்.

நிறுவன வழக்கறிஞர் என்றதும் பெரிய கம்பெனிகளை வாங்கி விற்கும் ஒப்பந்தங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கொங்கு நாட்டில் அந்த வேலையின் பெரும்பகுதி குடும்பங்களைச் சார்ந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையைச் சுற்றிப் பெருகிய நூற்பாலைகளில் பலவும், பின்னால் வந்த பவுண்டரிகளும் பம்ப்செட் பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் பணம் போட்டு நடத்தியவை. பதிவேட்டில் அவை பிரைவேட் லிமிடெட். நடைமுறையில் போர்டு மீட்டிங் சாப்பாட்டு மேசையில் நடக்கும். மினிட்ஸ் புத்தகம் ஆடிட்டர் அலுவலகத்தில் எழுதப்படும். தன் பெயரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை வீட்டுப் பெண்கள் பலர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கும்போதுதான் அறிந்துகொள்கிறார்கள். சீர் வரிசையில் ஒரு குறையும் வைக்காத வீடுகளில்கூட இதுதான் நிலைமை. பாகம் பிரியும் நேரம் வந்து, முதலில் ஆடிட்டரிடமும் பிறகு சொந்தத்தில் பெரியவர்களிடமும் பேசி எதுவும் முடியாதபோது வழக்கறிஞரைத் தேடி வருவார்கள்.

அப்படி வந்தவர்களுடன்தான் இவருடைய தொழில்வாழ்க்கை கழிந்தது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டில் மில்கள் தள்ளாடியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஒரே வாரத்தில் கடன்காரர்கள் வரிசையாக வந்து நின்றதையும், 2016-இல் திவால் சட்டத் தொகுப்பு வந்தபின் வங்கிகளின் பேச்சில் தொனியே மாறியதையும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

எழுத்து தொடக்கத்திலிருந்தே உண்டு. சிற்றிதழ்களில் புனைபெயரில் சிறுகதைகள் எழுதினார். வக்கீலும் எழுத்தாளருமாக இருப்பது கோவைக்குப் புதிதன்று. சிறையில் வாடிய வ.உ.சிதம்பரனாருக்குத் துணை நின்ற கோவை வழக்கறிஞர் சி.கே.சுப்பிரமணிய முதலியார், பெரியபுராணத்துக்கு ஏழு தொகுதிகளில் உரை கண்டவர். அந்தத் தொகுதிகள் நூலாசிரியரின் அலுவலக அலமாரியில் கம்பெனிச் சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலியாருக்கு வாய்த்த ஒரு வசதி இவருக்கு இல்லை. நாயன்மார்கள் யாரும் அவருடைய கட்சிக்காரர்கள் அல்லர்.

மில் குடும்பம்

மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரு தங்கையும் பங்கு வைத்திருந்த நூற்பாலை. பிள்ளைகளையும் சேர்த்து மொத்தம் எட்டு உறுப்பினர்கள். தங்கைக்கு 15 விழுக்காடு. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிக் கொடுத்தது. கல்யாணமாகி வேறு மாவட்டத்தில் வாழ்ந்தார். உறுப்பினர் பதிவேட்டில் அவருடைய முகவரியாக இருந்தது பிறந்த வீடு. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை, அவரும் சொல்லவில்லை.

2015-இல் கடன் சுமையைக் குறைக்கப் புது மூலதனம் தேவைப்பட்டது. வைத்திருக்கும் ஒரு பங்குக்கு இரண்டு புதுப் பங்குகள் என்று உறுப்பினர்களுக்கே உரிமைப் பங்கு வழங்க முடிவாயிற்று. கம்பெனிச் சட்டம், 2013-இன் 62-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. அன்றிருந்த விதிப்படி 15 நாளுக்குக் குறையாமலும் 30 நாளுக்கு மிகாமலும் அவகாசம் தர வேண்டும். அதற்குள் ஏற்காதவர் மறுத்ததாகக் கருதப்படுவார். கடிதத்தின் வாசகத்தை எழுதித் தந்தவர் நம் நூலாசிரியர். அப்போது அவர் கம்பெனியின் சட்ட ஆலோசகர். வெளியூரில் இருப்பவருக்குத் தபாலோடு போனிலும் சொல்லிவிடுங்கள் என்று ஒரு குறிப்பும் அனுப்பினார். நிர்வாக இயக்குநரான மூத்த அண்ணன், “அதெல்லாம் சொல்லியாயிற்று அம்மணி” என்றார்.

கடிதம் பதிவேட்டில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் போயிற்று. தங்கையிடமிருந்து பதில் வரவில்லை. மற்றவர்கள் தங்கள் பங்கோடு அவர் விட்டதையும் எடுத்துக்கொண்டார்கள். மூலதனம் மூன்று மடங்கானது. அவருடைய 15 விழுக்காடு 5 ஆகச் சுருங்கியது.

அவருக்கு இது தெரியவந்தது வெகு காலம் கழித்து. 2017-இல் சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில், உறுப்பினர்மீதான அடக்குமுறைக்கு எதிராக முறையிட வழிசெய்யும் 241-ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்தார். பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இல்லாதவர் மனுச் செய்ய முடியாது என்று அண்ணன்மார் தரப்பு வாதிட்டது. ஆனால் 244-ஆவது பிரிவில் தலைக்கணக்கு என்ற இன்னொரு வழியும் உண்டு. எட்டுப் பேரில் ஒருவர் என்பது பத்தில் ஒன்றுக்கு மேல். மனு செல்லுபடியானது. இந்த நுணுக்கம் தெரியாமல், பங்கு குறைந்துவிட்டதே என்று வாயடைத்துப்போன பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். ஆகவேதான் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

நூலாசிரியர் அந்த வழக்கில் யார் பக்கமும் ஆஜராகவில்லை. தாம் சாட்சியாக அழைக்கப்படக்கூடிய வழக்கில் வழக்கறிஞர் வக்காலத்து ஏற்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கடிதத்தை எழுதியவர் என்ற முறையில் விலகிக்கொண்டார். 2019-இல் சமரசம் ஏற்பட்டது. தனி மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்குத் தங்கையின் பங்குகளை அண்ணன்மார் வாங்கிக்கொண்டார்கள். சமரச விவரங்களை இரு தரப்பும் வெளியே பேசுவதில்லை என்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது.

கைப்பிரதி

2023-இல் கைப்பிரதி வந்தது. பாதி தன்வரலாறு, பாதி கட்டுரை. குடும்பக் கம்பெனிகள் எப்படி வளர்கின்றன, எப்படி உடைகின்றன, உடையும்போது பெண்களுக்கு என்ன ஆகிறது என்று ஓர் உள்ளாளின் பார்வையில் எழுதப்பட்டிருந்தது. இந்தத் துறை பற்றித் தமிழில் இவ்வளவு தெளிவாக எழுதியதை அதற்கு முன் நான் படித்ததில்லை.

ஏழாம் அத்தியாயம் அந்த மில் குடும்பம். பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. அத்தியாயத்தின் மையத்தில் ஒரு சிறு அட்டை இருந்தது. பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததற்குத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை. பெறுநர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் நீல மையில், கோணலாக, மூன்றே எழுத்துகளில் ஒரு பெயர். இரண்டாம் எழுத்தின் கால் கீழ்க்கோட்டைத் தாண்டி அச்சடித்த வரியின்மேல் இறங்கியிருக்கும். அது அம்மாவின் கையெழுத்து. அந்த அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும்; அதற்குமேல் எழுதப் படிக்கத் தெரியாது. மகளுக்கு வந்த கடிதத்தை வாங்கி, பூஜை அறை அலமாரியில் பத்திரமாக வைத்து, மகள் அடுத்த முறை வரும்போது கொடுக்கலாம் என்று இருந்திருக்கிறார். மகள் வந்தது கெடு முடிந்த பிறகு. மகளின் பங்கைக் கரைத்த கடிதத்துக்கு, அது இன்னதென்று தெரியாமல், கையெழுத்துப் போட்டவர் தாய்.

படித்து முடித்ததும் இதை எப்படியாவது அச்சில் கொண்டுவர வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கொண்டுவரக் கூடாது என்ற முடிவுக்கு வரச் சில மாதங்கள் ஆயின.

படித்தபோது கவனித்தவை

முதலாவது, அடையாளம். பெரிய நகரத்தில் நான்கு விவரங்களை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம். கொங்கு நாட்டில் அது நடக்காது. இன்ன சாலையில் மில், அப்பா முதலில் பருத்தி வியாபாரம், மூத்தவர் வீட்டில் பெண் எடுத்தது கரூரில் என்று சொன்னாலே போதும். எந்தக் குலக் கூட்டம், எந்த ஊர்க் குடும்பம் என்று கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பதிப்பாளரின் உறவினர் ஒருவர் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குடும்பத்தின் பெயரைச் சரியாகச் சொன்னார்.

அடுத்தது, ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பிரதியின் ஓரத்தில் வரிக்கு வரி குறியிட்டேன். கட்சிக்காரர் சொன்னதோ கட்சிக்காரரின் கோப்பில் கண்டதோ என்றால் ‘க’. தீர்ப்பாய உத்தரவு போன்ற பொது ஆவணத்தில் இருப்பது என்றால் ‘பொ’. ஆசிரியரின் சொந்த வாழ்க்கை என்றால் ‘சொ’. மற்ற அத்தியாயங்களில் மூன்றும் கலந்து வந்தன. ஏழாம் அத்தியாயம் முழுக்க ‘க’ நிரம்பியிருந்தது. அம்மாவின் அட்டையும் ‘க’தான். அது கம்பெனிக் கோப்பில் இருந்தது. ஆலோசகர் என்ற முறையில்தான் இவர் பார்த்தார். தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றில், கடிதத்தை வீட்டார் ஒருவர் கையெழுத்திட்டுப் பெற்றதாக ஒரு வரி இருந்தது. பொதுவெளியில் இருந்தது அந்த ஒரு வரி மட்டுமே. கோணல் எழுத்தும் பூஜை அறை அலமாரியும் அதில் இல்லை.

1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், தொழில்முறையில் தமக்குத் தெரியவந்ததை வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்றது. தொழில் உறவு முடிந்தபின்னும் இந்தக் கடமை தொடரும். நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் வந்தது. அதில் இது 132-ஆவது பிரிவு. சாரம் மாறவில்லை. பார் கவுன்சில் விதிகளில் 17-ஆவது விதி இதே கடமையை ஒழுக்க விதியாக்குகிறது. கட்சிக்காரர் வைத்த நம்பிக்கையைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 24-ஆவது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது.

நூலாசிரியர் சட்டம் தெரிந்தவர். விதிவிலக்கைக் காட்டி வாதாடினார். வழக்கறிஞர் பணியில் இருக்கும்போது குற்றமோ மோசடியோ நடந்ததைக் காட்டும் செய்தியைக் கண்டால், அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. தங்கைக்குச் செய்தது மோசடி என்பது அவர் கட்சி. அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஆவணங்கள் காட்டியது என்ன? கடிதம் பதிவேட்டு முகவரிக்குத்தான் போனது. சட்டம் கேட்பதும் அதுதான். தங்கை அங்கே இல்லை என்று அண்ணனுக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியும். அவர் அதை எண்ணித்தான் செய்தார் என்று காட்டும் தாள் எதுவும் இல்லை. அன்பில்லாமல் நடந்துகொண்டார் என்று சொல்லலாம். மோசடி என்று நிறுவ முடியாது. தீர்ப்பாயமும் அப்படி ஒரு முடிவைச் சொல்லாமலே வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. சம்மதம் தர உரியவர் யார்? “மூத்தவர் போனிலேயே சரி என்று சொல்லிவிட்டாரே” என்றார் நூலாசிரியர். உண்மைதான். உங்கள் மில்லைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று இவர் சொன்னதும், “தாராளமாக எழுதுங்கள் அம்மணி, அப்பா பட்ட பாட்டை நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்” என்றாராம். அப்பாவைப் பற்றிய புகழுரை என்று நினைத்திருக்கிறார். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தது சம்மதம் ஆகாது. அந்த அம்மா அட்டையில் போட்ட கையெழுத்துக்கும் இந்தச் சம்மதத்துக்கும் வேறுபாடு இல்லை என்று நான் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

அதைவிட அடிப்படையான ஒன்றும் உண்டு. கட்சிக்காரர் மூத்த அண்ணன் அல்லர், கம்பெனி. சம்மதம் தருவதானால் கம்பெனி, போர்டு தீர்மானத்தின் மூலம், தர வேண்டும். இப்போதைய போர்டில் இருப்பவர்கள் அண்ணன்மாரும் அவர்கள் பிள்ளைகளும். கதையில் பாதிக்கப்பட்ட தங்கை கட்சிக்காரரே அல்லர். அவர் நூலாசிரியரைத் தேடி வந்து, “எழுதுங்கள் அக்கா, ஒரு வரியும் விடாமல் எழுதுங்கள்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாருடைய வாழ்க்கையோ அவர் தரும் சம்மதம் சட்டத்தின் கண்ணில் போதவில்லை. யார் தர முடியுமோ அவர்களுக்கு மறைக்கத்தான் காரணம் இருந்தது. கம்பெனி என்பதைத் தனி ஆளாகச் சட்டம் கருதுவதன் விளைவு ஒரு குடும்பத்துக்குள் இப்படியெல்லாம் வந்து முடிகிறது.

போர்டு தீர்மானம் கிடைத்திருந்தாலும் அம்மாவும் தங்கையும் தனிமனிதர்கள். ஒருவரின் குடும்ப வாழ்வை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது, பொது ஆவணத்தில் இருப்பது விலக்கு என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் வகுத்தது. அதுவும் ஒரு தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக எழுந்த வழக்குதான். தங்கை சம்மதித்தாலும் சமரச ஒப்பந்தம் அவர் கையைக் கட்டியிருந்தது. அம்மாவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

ஏழாம் அத்தியாயத்தை முழுவதுமாக எடுத்துவிடுவது என்று நூலாசிரியரே முடிவு செய்தார். நான் ஆலோசனை சொன்னேன். கத்தி அவர் கையில் இருந்தது. மூத்தவருக்கு அத்தியாயத்தை அனுப்பிப் பார்க்கலாம் என்று பதிப்பாளர் சொன்னதையும் வேண்டாம் என்றார். அனுப்பினால் அது மறுபடி ஒரு குடும்பச் சண்டையாகும். அதில் முதலில் நோவது அம்மா.

நாவலாக்கிவிடலாமே என்பது பதிப்பாளரின் அடுத்த யோசனை. இதைப் பற்றி நிறையவே பேசினோம். திருச்செங்கோட்டை மையமாகக் கொண்ட நாவலுக்காகப் பெருமாள்முருகனுக்கு நேர்ந்தது இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறந்திருக்காது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் உரிமையை உயர்த்திப் பிடித்துத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நமக்கும் பொருந்தாதா என்று பதிப்பாளர் கேட்டார். அது எழுத்தாளரைக் கூட்டத்தின் மிரட்டலிலிருந்து காத்தது. இங்கே கேள்வி வேறு. தான் நம்பிச் சொன்னதைத் தன் வழக்கறிஞர் விற்றுவிட்டார் என்று கட்சிக்காரர் சொன்னால், அதற்கு நாவல் என்ற முத்திரை பதிலாகாது. நூலாசிரியரின் காரணம் இன்னொன்று. நடந்தது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் புத்தகத்துக்குள் ஒரு புனைவை ஒளித்து வைக்கத் தன்னால் முடியாது என்றார்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது? அதற்குத் தேடிக் கண்டது எங்களுக்கு மிகவும் பக்கத்திலேயே கிடந்தது. நீலகிரியில் கேத்தியில் இயங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, உரிமைப் பங்கு பற்றிப் பேசும் எந்தக் கம்பெனி வழக்கறிஞரும் படித்திருக்கும் தீர்ப்பு. 1977-இல் நடந்தது. உரிமைப் பங்குக்கான கடிதம் இங்கிலாந்தில் இருந்த பங்குதாரர் தரப்புக்குப் பயன்படும் நேரத்தில் போய்ச் சேரவில்லை; இங்கே பங்குகள் ஒதுக்கப்பட்டுவிட்டன. இந்தியத் தரப்பு செய்தது அடக்குமுறை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும், வாய்ப்பை இழந்தவர்களுக்கு ஈடாக ஒரு தொகை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சட்டப்படி சரியாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அந்தத் தீர்ப்பே ஒத்துக்கொள்கிறது. நூலாசிரியர் ஏழாம் அத்தியாயத்தில் சொல்ல நினைத்ததும் இதுதான். அட்டை இல்லாமலே அதைச் சொல்ல முடிந்தது. ஆனால் அம்மாவின் கையெழுத்து இருந்த இடத்தில் நீதிமன்றத்தின் நடை வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வாசகனாக அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதை ஈடுகட்ட அவர் தன் வீட்டுக் கதையை எழுதினார். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்குப் பிறகு மணமான மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு உண்டு என்பது அன்றைய சட்டம். 1990-களில் கல்யாணமான இவருக்கும் அது பொருந்தும். கம்பெனிச் சட்டம் படித்த இவரே, கல்யாணத்துக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் கொடுத்தார், அன்று அப்பா வாசலில் நின்று என்ன சொன்னார், கிணற்றுப் பங்கை மட்டும் ஏன் தனியாகக் கேட்டார் என்று எழுதியிருக்கிறார். இதுவும் அவருக்கு மட்டும் சொந்தமான கதை அன்று. அண்ணனிடம் பிரதியைக் கொடுத்தார். அவர் ஊர்க் கோயில் திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு, “எல்லாம் சரி கண்ணு, உன் அண்ணி சொன்னதாக ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடு” என்றார். எடுத்துவிட்டார்.

பின்னட்டை வாசகம் சிறிய விஷயம். தொழிலை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது 36-ஆவது விதி. இதழியல், விரிவுரை போன்றவற்றில் ஈடுபட அந்த வரம்புக்குள் இடம் தருவது 51-ஆவது விதி. எந்தெந்த மில்களுக்கு ஆலோசகர் என்ற பட்டியலும் ‘முன்னணி’ என்ற சொல்லும் நீக்கப்பட்டன.

பின்விளைவு

நூல் ஓராண்டுக்கு மேல் தாமதமாக வந்தது. வழக்கறிஞர் அறிவிப்பு எதுவும் வரவில்லை.

ஆனால் இரு தரப்பின் மனக்கசப்பும் மிஞ்சியது. ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூத்தவர் எதிர்ப்பட்டு, “எங்கள் அத்தியாயம் எங்கே அம்மணி?” என்று கேட்டார். சேர்க்கவில்லை என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. அப்பாவின் உழைப்பை எழுதத் தகுதியில்லாததாக நினைத்துவிட்டார் என்று வருத்தம். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அதுவே வெளியீடாகிவிடும் என்பதால் இவரால் விளக்க முடியவில்லை. சில மாதங்களில் அந்தக் கம்பெனியின் வேலைகள் வேறு வழக்கறிஞருக்குப் போய்விட்டன. தங்கை போனில், “கடைசியில் நீங்களும் அவர்கள் பக்கம்தானா அக்கா” என்று கேட்டார். அவருக்கும் விளக்கம் சொல்ல வழியில்லை. காப்பாற்றப்பட்டவர்களுக்கே தாங்கள் காப்பாற்றப்பட்டது தெரியாது. இந்தத் தொழிலில் இது அடிக்கடி நேர்வதுதான். அதற்காக வலி குறைந்துவிடாது.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. 1981-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் வைத்து எழுதிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, இது எங்கள் குடும்பக் கதை என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதினார்கள். ஓர் ஆடிட்டர், தன் கட்சிக்காரரைத்தான் குறிப்பிட்டாரா என்று பதிப்பாளரிடமே விசாரித்தார். தபாலில் போய்த் தொலைந்த பங்குகள் இவ்வளவு வீடுகளில் உண்டா என்று எங்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

நூலின் கடைசியில் சேர்த்த சிறு இணைப்பு அதிகம் பயன்பட்டிருக்கிறது. கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் பெண்கள் செய்ய வேண்டியது பற்றியது. உறுப்பினர் பதிவேட்டில் தன் இன்றைய முகவரியும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பதிவேட்டைப் பார்வையிடும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. கம்பெனி ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் அறிக்கையைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்த பெண்களை நூலாசிரியர் சந்தித்திருக்கிறார்.

இனி எதை மாற்றுவோம்

நூலாசிரியர் இப்போது ஒவ்வொரு கம்பெனியோடும் எழுதிக்கொள்ளும் பணி ஒப்பந்தக் கடிதத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறார். தனக்குக் கட்சிக்காரர் கம்பெனிதானே தவிர எந்தத் தனி உறுப்பினரும் அல்லர் என்பது ஒன்று. அது இயக்குநர்கள் அனைவருக்கும் தமிழில் படித்துக் காட்டப்படுகிறது. இந்தப் பணியில் அறிந்த எதையும், பெயர் மாற்றியும்கூட, எழுத்தில் பயன்படுத்தப்போவதில்லை என்பது மற்றொன்று. அலுவலக நாட்குறிப்பையும் எழுத்துக்கான நோட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நினைவு தாவுவதைத் தடுக்க முடியாது என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். குறைந்தபட்சம் எது எங்கிருந்து வந்தது என்று பின்னால் பிரிக்க முடியும்.

என் அளவில், தொழிலில் இருப்பவரின் கைப்பிரதியை இப்போதெல்லாம் எழுதி முடித்தபின் படிக்க ஒப்புக்கொள்வதில்லை. அத்தியாயத் திட்டம் மட்டும் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுகிறேன். எழுதி முடித்த பக்கத்தை வெட்டுவதைவிட எழுதாத பக்கத்தை விடுவது எளிது. பதிப்பாளரும் தன் ஒப்பந்தப் படிவத்தில் மூலம் பற்றிய கேள்வி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்.

உரிமைப் பங்குக் கடிதங்கள் விஷயத்தில் நூலாசிரியர் தன் தொழில் நடைமுறையையும் மாற்றிக்கொண்டார். கடிதத்தின் வாசகத்தைத் தரும்போது ஒவ்வோர் உறுப்பினரின் இன்றைய முகவரியும் எழுத்தில் உறுதிசெய்யப்பட்ட பட்டியலைக் கேட்கிறார். பட்டியல் வராமல் வாசகம் போவதில்லை. “நம்ம வீட்டுப் பெண்ணுக்கு எதற்கம்மா இவ்வளவு” என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவர் விடுவதில்லை, பட்டியல் வந்த பிறகுதான் கோப்பைத் திறக்கிறார்.